நம் ரத்தத்தை நமக்கே விற்கும் வியாபாரம்!

விளையாட்டில் பட்ட பழைய காயம் ஆறவில்லையா? முழங்கை வலி விடவில்லையா? குதிகால் நாண் காலையில் எழுந்தவுடன் சுண்டி இழுக்கிறதா? கவலையை விடுங்கள்! உங்கள் ரத்தத்திலேயே கொஞ்சம் எடுத்து, யந்திரத்தில் வைத்துச் சுழற்றி, வலிக்கிற இடத்தில் ஊசியாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது தொல்லை. கத்தி இல்லை, தையல் இல்லை, வெளி மருந்துகூட இல்லை. உங்கள் உடம்பே உங்களுக்கு வைத்தியர்!

இப்படி ஒரு பிரசாரம் இன்று பலமாக நடந்து வருகிறது. அமெரிக்காவில் ஆரம்பித்த இந்தத் தம்பட்டம் இப்போது சென்னை, கோவை, மதுரை என்று நமது நகரங்களின் தனியார் ஆஸ்பத்திரி விளம்பரங்களிலும் ஒலிக்கிறது. இதற்குப் பெயர் பி.ஆர்.பி. சிகிச்சை. தட்டணுக்கள் செறிந்த ரத்த நீர் என்பது அதன் பொருள். ஓர் ஊசிக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய். பல இடங்களில் ஓர் ஊசியோடு விடுவதும் இல்லை. "இரண்டு, மூன்று போட்டால்தான் முழுப்பலன்" என்கிறார்கள்.

பணம் படைத்தவன் போட்டுக்கொண்டு போகட்டும், நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? முடியாது. கபடி ஆடி விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கும் கிராமத்து இளைஞனும், போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடும் பெண்ணும்தான் இந்த விளம்பரத்தின் முன்னால் நிற்கிறார்கள். ஆறு மாதம் காயத்தோடு கிடந்தால் அவர்களுடைய வாழ்க்கையே திசை மாறிப் போகும். அதனால்தான் தாயாரின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. இவர்கள் மட்டுமல்ல. "டென்னிஸ் எல்போ" என்று இங்கிலீஷ் பெயர் சூட்டப்பட்ட முழங்கை வலி டென்னிஸ் மட்டையையே பார்த்திராத தச்சருக்கும், பெயிண்டருக்கும், குழாய் வேலை செய்பவருக்கும் வருகிற வலி. ஆகவே இது உழைக்கும் மக்களின் பிரச்னை.

எனவே கேட்கிறோம்: இந்த ஊசி வேலை செய்கிறதா? வேலை செய்கிறது என்பதற்கு ருசு என்ன? ருசு கிடைக்கும் முன்பே விற்பனைக்கு வந்தது எப்படி?

சரக்கு என்ன?

டெங்கு காலத்தில் "பிளேட்லெட் குறைந்துவிட்டது" என்று ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் தவிப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்தத் தட்டணுதான் இங்கும் கதாநாயகன். சாதாரண மனிதனின் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கின்றன. உடம்பில் எங்காவது அறுபட்டால் இவை ஓடிச்சென்று ஒட்டிக்கொண்டு ரத்தத்தை நிறுத்துகின்றன. அத்தோடு, தம் வயிற்றில் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்ற ரசாயனப் பொருள்களை வெளியே கொட்டுகின்றன. ரணத்தை ஆற்றும் செல்களை அழைத்து வருவது அவற்றின் வேலைகளில் ஒன்று.

கையிலிருந்து ரத்தம் எடுத்து யந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும்; மேலே மஞ்சள் நிற நீர் நிற்கும். அதில் தட்டணுக்கள் பன்மடங்காகச் சேர்ந்திருக்கும் பகுதியை உறிஞ்சி எடுத்து, நோயுள்ள இடத்தில் செலுத்துகிறார்கள். பி.ஆர்.பி. என்பது இவ்வளவுதான்.

நோய் எங்கே இருக்கிறது? தசையை எலும்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் தசைநாணில். கயிற்றைப் போல் புரி புரியாக அமைந்தது அது. ரத்த ஓட்டம் அதற்குக் குறைவு. அளவுக்கு மீறி, ஓய்வில்லாமல், திரும்பத் திரும்ப இழுபடும்போது புரிகள் சிதைகின்றன. உடம்பு பழுது பார்க்கிறது. ஆனால் பாதியில் தோற்று நிற்கிறது. மாதக்கணக்கான வலிக்கு இதுதான் காரணம். "ரத்த ஓட்டம் குறைந்த இடத்திற்கு ரத்தத்தின் சாரத்தை நாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்" என்பது ஊசிக்காரர்களின் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த யோசனையைப் பரீட்சித்துப் பார்த்ததில் தவறே இல்லை. ஆனால் யோசனை வேறு, நிரூபணம் வேறு. விஞ்ஞானம் என்பது யோசனையோடு முடிவதல்ல. யோசனையைச் சோதனைக் கல்லில் உரைத்துப் பார்ப்பது. உரைத்துப் பார்க்கும் முன்பே விலை சொல்வதற்குப் பெயர் வியாபாரம்.

ஐந்து பேரை வைத்துக் கட்டிய கோட்டை

1998-ல் தாடை எலும்பு ஒட்டு அறுவையில் தட்டணு நீரைக் கலந்து பார்த்து அமெரிக்க அறுவை வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கிருந்து அது விளையாட்டு வைத்தியத்திற்குத் தாவியது. 2006-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த இருவர், நாள்பட்ட முழங்கை வலிக்குப் பி.ஆர்.பி. போட்டுப் பார்த்த முடிவை அமெரிக்க விளையாட்டு மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில், தட்டணு ஊசி போட்டவர்களுக்கு வலி 60 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 16 சதவீதம்தான் குறைந்தது என்றார்கள். உலகம் முழுவதும் இந்தக் கணக்கு மேற்கோள் காட்டப்பட்டது.

அந்த ஆய்வில் எத்தனை பேர்? மொத்தம் 20 பேர். தட்டணு ஊசி போட்டவர்கள் 15 பேர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் மரப்பு மருந்து ஊசி போடப்பட்டவர்கள் 5 பேர். அந்த ஐந்து பேரிலும் மூன்று பேர் எட்டு வாரத்துக்குப் பிறகு ஆய்விலிருந்து விலகிவிட்டார்கள் அல்லது வேறு வைத்தியம் தேடிப் போய்விட்டார்கள்! எஞ்சி நின்றவர்கள் இரண்டு பேர். ஆய்வு செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. முதல் ஆய்வு சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மணல் மேட்டின் மீது ஒரு வியாபாரக் கோட்டையையே கட்டினார்களே, அவர்களைக் கேட்கிறோம்: இதுவா அஸ்திவாரம்?

பிறகு வந்தது நட்சத்திர விளம்பரம். 2009 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் "சூப்பர் பவுல்" இறுதி ஆட்டம். பிட்ஸ்பர்க் அணியின் ஹைன்ஸ் வார்டு முழங்கால் பந்தகக் காயத்திற்குத் தட்டணு ஊசி போட்டுக்கொண்டு ஆட வந்தார், அணி ஜெயித்தது. அமெரிக்கப் பத்திரிகைகளில் பி.ஆர்.பி. புகழ் கொடி கட்டிப் பறந்தது. 2010-ல் டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் தமது முழங்கால்களுக்கு அதே வைத்தியம் செய்துகொண்டார். அது உலகச் செய்தியாயிற்று. அதே நடால் முழங்கால் கோளாறினால் 2012 ஜூலை முதல் 2013 பிப்ரவரி வரை சுமார் ஏழு மாத காலம் ஆட முடியாமல் இருந்தார் என்பதை எந்த விளம்பரமாவது சொல்லுகிறதா?

ஒரு வேடிக்கையும் நடந்தது. 2010-ம் ஆண்டுக்கான தடைப் பட்டியலில், தசைக்குள் போடும் பி.ஆர்.பி. ஊசியை உலக ஊக்க மருந்துத் தடுப்பு நிறுவனம் சேர்த்தது. "தடை செய்யும் அளவுக்குச் சக்தி வாய்ந்ததா!" என்று ஆட்டக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். 2011-ல் அதே நிறுவனம் தடையை நீக்கிவிட்டது. ஏன் தெரியுமா? அந்த ஊசி ஆட்டத் திறமையைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று இல்லையாம்!

சட்டம் என்ன செய்தது? ஒரு புதிய மாத்திரையை அமெரிக்காவில் விற்க வேண்டுமானால், இந்த நோய்க்கு இது பலன் தருகிறது என்று நிரூபித்தாக வேண்டும். ஆனால் பி.ஆர்.பி. மாத்திரை அல்ல, நோயாளியின் சொந்த ரத்தம். ஆகவே அனுமதி கேட்டு வந்தது யந்திரமும் குழாயும் மட்டுமே. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி, பெரும்பாலும், எலும்பு ஒட்டு வேலையில் கலந்துகொள்ளத் தட்டணு நீர் தயாரிப்பதற்கான அனுமதி. தசைநாண் காயம் ஆறும் என்பதற்கான சான்றிதழ் அல்ல. அந்தச் சந்து வழியாகத்தான் இந்தச் சரக்கு சந்தைக்குள் நுழைந்தது.

உப்பு நீர் சொன்ன சாட்சி

சரி, பரீட்சை நடக்கவே இல்லையா? நடந்தது. ஒரு முறை அல்ல, பல முறை. அதன் முடிவுகளை ஜனங்களுக்குச் சொல்லாமல் மறைப்பதுதான் இன்றைய அநியாயம்.

ஹாலந்து தேசத்தில் குதிகால் நாண் நோயால் நீண்ட காலம் அவதிப்பட்ட 54 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தட்டணு ஊசி. மறு பிரிவுக்கு வெறும் உப்பு நீர் ஊசி. எந்த ஊசி தனக்குப் போடப்பட்டது என்பது நோயாளிக்குத் தெரியாது. முடிவை அளந்தவருக்கும் தெரியாது. இரு பிரிவினரும் ஒரே உடற்பயிற்சியைச் செய்தார்கள். 24 வாரம் கழித்து, நூறு மதிப்பெண்ணுக்கு அளந்து பார்த்தார்கள். தட்டணு ஊசி போட்டவர்கள் 21.7 மதிப்பெண் முன்னேறியிருந்தார்கள். உப்பு நீர் ஊசி போட்டவர்கள் 20.5 மதிப்பெண் முன்னேறியிருந்தார்கள். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை! 2010 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த முடிவு இது.

ஒரு சிறிய ஆய்வை நம்பலாமா என்று கேட்பார்கள். பெரிய ஆய்வையே பார்ப்போம். பிரிட்டனில் 24 இடங்களில், அதே குதிகால் நாண் நோய்க்கு 240 பேரிடம் பரீட்சை செய்தார்கள். ஒரு பிரிவுக்குத் தட்டணு ஊசி. மறு பிரிவுக்கு மருந்தில்லாத பொய் ஊசி, அதுவும் நாணைத் தொடாமல் தோலுக்கடியில் மட்டும். ஆறு மாதம் கழித்து மதிப்பெண்: தட்டணுவுக்கு 54.4; பொய் ஊசிக்கு 53.4. இது 2021-ல் வெளிவந்தது.

பழைய காயம் போகட்டும், புதிய காயத்துக்காவது உதவுகிறதா? தொடையின் பின் தசை கிழிந்த 80 ஆட்டக்காரர்களை ஹாலந்தில் சோதித்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. தட்டணு ஊசி போட்டவர்கள் மீண்டும் மைதானத்துக்குத் திரும்ப ஆன காலத்தின் நடு அளவு 42 நாள். உப்பு நீர் போட்டவர்களுக்கு? அதே 42 நாள்!

முழங்கால் தேய்மானத்துக்கும் இதே ஊசி விற்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து வலி குறைந்த அளவு தட்டணுவுக்கு 2.1, உப்பு நீருக்கு 1.8. பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு தேய்வதையும் அது தடுக்கவில்லை. இதுவும் 2021-ல் வெளிவந்ததே.

இத்தனை தேசங்களில், இத்தனை பேரிடம், உப்பு நீர் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறது. விளம்பரக்காரர்களின் காதில் மட்டும் அது விழவில்லை!

அவர்கள் வாதமும் நமது பதிலும்

"போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைந்திருக்கிறதே, கண்கூடாகப் பார்க்கிறோமே" என்பது முதல் வாதம். குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. உப்பு நீர் போட்டவர்களுக்கும்தான் குறைந்தது! மனிதன் வைத்தியரைத் தேடிப் போவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சிக்குப் போனது இறங்கத்தானே செய்யும்? முழங்கை வலி பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்திற்குள் தானாகவே தணிந்துவிடுகிறது. இடையில் போட்ட ஊசி பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியாததா? காக்கைக்கு ஆயிரக்கணக்கில் கூலி கேட்பதுதான் புதிது.

"ஸ்டீராய்டு ஊசியைவிட இது மேல் என்று ஆய்வே சொல்கிறது" என்பது இரண்டாவது வாதம். ஆம், 2010-ல் 100 பேரிடம் நடந்த ஹாலந்து ஆய்வில் முழங்கை வலிக்கு ஒரு வருஷ முடிவில் ஸ்டீராய்டைவிடத் தட்டணு மேலாக இருந்தது. ஆனால் ஸ்டீராய்டின் யோக்கியதை என்ன? ஆஸ்திரேலியாவில் 198 பேரிடம் நடந்து 2006-ல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு அற்புதமாகத் தெரிந்தது. ஆனால் அதனால் குணமானதாகக் கருதப்பட்ட 65 பேரில் 47 பேருக்குப் பிறகு நிலைமை மீண்டும் மோசமாகிவிட்டது. நாளடைவில், ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதைவிடவும் அது கெடுதல். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவனை முந்திவிட்டேன் என்று மார் தட்டுவது ஒரு பெருமையா?

"சாதகமான ஆய்வுகளும் உண்டே" என்பது மூன்றாவது வாதம். உண்டு; அதையும் மறைக்க மாட்டோம். 2014-ல் அமெரிக்காவில் முழங்கை வலியுள்ள 230 பேரிடம் நடந்த ஆய்வில், 24 வார முடிவில் தட்டணுப் பிரிவு முன்னால் நின்றது. ஆனால் அந்த 24 வார முடிவுக்குக் கணக்கு வந்தது 119 பேரிடமிருந்து மட்டும்! பாதிப்பேர் போன இடம் தெரியாத கணக்கை முழுக் கணக்காக ஏற்க முடியுமா? ஆய்வுகள் முரண்படும்போது எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக் கூட்டமைப்பு 2021-ல் அதைச் செய்தது. முழங்கை வலிக்கு ரத்த ஊசியும் தட்டணு ஊசியும் போட்ட 32 ஆய்வுகள், 2,337 பேர். தீர்ப்பு என்ன? வலியிலோ கையின் உபயோகத்திலோ நோயாளி உணரத்தக்க நன்மை இல்லை என்பதே.

"தயாரிக்கும் முறை சரியில்லாததால்தான் அந்த ஆய்வுகள் தோற்றன, எங்கள் முறை வேறு" என்பது நான்காவது வாதம். இது வாதமல்ல, ஒப்புதல் வாக்குமூலம்! வெள்ளணு சேர்ந்ததா, சேராததா? ஒரு சுற்றா, இரண்டு சுற்றா? தட்டணு எத்தனை மடங்கு? ஓர் ஊசியா, மூன்றா? இடத்துக்கு இடம், யந்திரத்துக்கு யந்திரம் வேறுபடுகிறது. இந்த அளவில், இந்த வீரியத்தில், இத்தனை தடவை என்று சொல்ல முடியாத ஒரு மாத்திரையைக் கடையில் வைக்க விடுவோமா? உங்கள் முறை வேறு என்றால், முதலில் அதைப் பரீட்சித்து நிரூபியுங்கள். பிறகு பணப்பெட்டியைத் திறங்கள்!

"சொந்த ரத்தம்தானே, கெடுதல் ஒன்றும் இல்லையே" என்பது கடைசி வாதம். பெரிய ஆபத்து அபூர்வம்தான். ஆனால் கெடுதல் என்பது உடம்புக்கு மட்டும்தானா? கடன் வாங்கிய பணம் போகிறதே, அது கெடுதல் இல்லையா? ஊசி வேலை செய்யும் என்று காத்திருக்கும் மாதங்களில், உண்மையாகவே பலன் தரக்கூடிய பயிற்சியைச் செய்யாமல் விடுகிறானே, அது கெடுதல் இல்லையா? இருபது வயது ஆட்டக்காரனுக்கு ஒரு பருவம் போனால் திரும்பி வருமா?

பலன் தருவது எது?

ஹாலந்து ஆய்வை மறுபடி பாருங்கள். இரண்டு பிரிவும் இருபது மதிப்பெண்ணுக்கு மேல் முன்னேறின. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது எது? தட்டணு அல்ல. பயிற்சியும், காலமும்.

அந்தப் பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1998-ல் ஸ்வீடன் நாட்டில் ஆல்ஃப்ரெட்சன் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், குதிகால் நாண் வலியால் ஓட முடியாமல் போன 15 பேருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவையாக மூன்று சுற்று. மடக்கி மூன்று சுற்று. காலை, மாலை இரு வேளை. மொத்தம் ஒரு நாளைக்கு 180 தடவை. வாரம் ஏழு நாளும். 12 வாரம். முடிவில் 15 பேரும் பழையபடி ஓடினார்கள்.

15 பேர் என்பதும் சிறிய கணக்குதானே என்று கேட்டால், ஆம், நியாயமான கேள்வி. ஆனால் அது அத்தோடு நிற்கவில்லை. பல தேசங்களில் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டது. எல்லோருக்கும் பூரண குணம் என்று இல்லை. பலருக்கு மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு வலி மிச்சம் இருக்கிறது. எனினும், தசைநாண் நோய்க்கு முதல் சிகிச்சை படிப்படியாகப் பாரம் ஏற்றும் பயிற்சியே என்பதில் விளையாட்டு வைத்தியர்களிடம் இன்று பரந்த உடன்பாடு உண்டு. காரணமும் விளங்குகிறது. நாணில் உள்ள செல்கள் இழுவிசையை உணரக்கூடியவை. அளவான பாரம் விழும்போது அவை புதிய புரிகளை நெய்கின்றன. அளவு மீறிய பாரம் சிதைக்கிறது. பாரமே இல்லாத ஓய்வு பலவீனப்படுத்துகிறது. அளவான உழைப்புதான் அதற்கு மருந்து.

இதற்கு என்ன செலவு? ஒரு படிக்கட்டு. முழங்கைக்கு என்றால் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டில். அளவைச் சொல்லிக் கொடுத்து, வாரந்தோறும் பார்த்து, வலி கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி வழிநடத்த ஒரு பிசியோதெரபிஸ்ட். மூன்று மாதப் பொறுமை.

இது ஏன் விளம்பரமாவதில்லை?

பதில் எளிது. படிக்கட்டுக்கு உரிமைப் பத்திரம் வாங்க முடியாது. தண்ணீர்ப் பாட்டிலைச் சுழற்றும் யந்திரத்தை ஆஸ்பத்திரிக்கு விற்க முடியாது. நோயாளியோடு அரை மணி நேரம் பேசி, பயிற்சி சொல்லிக் கொடுப்பதில் வருவாய் சொற்பம். ஊசி போடுவது சில நிமிஷ வேலை, வருவாயோ பன்மடங்கு. வைத்தியம் சரக்காக மாறிவிட்ட இடத்தில் எது குணப்படுத்தும் என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது. எது விலை போகும் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

நோயாளியும் ஏன் ஊசியைத் தேடுகிறான்? அவன் அறிவிலி என்பதாலா? இல்லை. அவனுக்குக் காலம் இல்லை. கை வலிக்கிறது என்று மூன்று மாதம் இலகுவான வேலை கேட்டால் பெயிண்டருக்குக் கொடுக்கும் மேஸ்திரி யார்? காயம் ஆறும்வரை இடம் காத்து வைக்கும் அணி எது? கூலியும் இடமும் பறிபோகும் என்ற பயம்தான் அவனை ஊசியின் முனைக்குத் தள்ளுகிறது. ஹைன்ஸ் வார்டுக்கு அணியின் வைத்தியர்களும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். நமது கபடி வீரனுக்கு இருப்பது கடன் மட்டுமே.

நேர்மையான வைத்தியர்கள் பலர் இந்த உண்மையை நோயாளியிடம் எடுத்துச் சொல்லி, பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் மீது நமக்குக் குறை இல்லை. விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிக்கக்கூடாது என்று 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நெறிமுறையே சொல்கிறது. அதைக் காற்றில் பறக்கவிடுபவர்களைத்தான் சாடுகிறோம்.

நாம் கேட்பது என்ன?

பி.ஆர்.பி. ஆராய்ச்சியை நிறுத்து என்று நாம் கேட்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஒரு காயத்துக்கு, ஏதாவது ஒரு முறையில், அது பயன்படும் என்று நிரூபணமானால் முதலில் வரவேற்பவர்கள் நாமாகத்தான் இருப்போம். ஆனால் ஆராய்ச்சி என்றால் ஆராய்ச்சியாக நடக்கட்டும். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கென்று 2007 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பதிவு செய்யட்டும்; நோயாளியிடம் ஒரு பைசா வாங்காமல் செய்யட்டும்; முடிவு எதுவானாலும் வெளியிடட்டும். நோயாளி தன் ரத்தத்தையும் கொடுத்து, தன் பணத்தையும் கொடுத்து, பரிசோதனைப் பொருளாகவும் இருப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே கேட்கிறோம்:

ஊசி போடும் முன், இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பெரிய ஆய்வுகள் கண்ட முடிவு என்ன, செலவு எவ்வளவு, வேறு வழி என்ன என்பதைத் தமிழில் எழுதி நோயாளியின் கையில் கொடுப்பது கட்டாயமாக வேண்டும்.

"நிரந்தரக் குணம்", "ஒரே ஊசியில் நிவாரணம்" போன்ற விளம்பரங்களைச் சர்க்கார் தடுத்து நிறுத்த வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், மாவட்ட விளையாட்டரங்குகளிலும், வேலை முடிந்து வருவோருக்கு வசதியாக மாலை நேரத்தில், பிசியோதெரபிஸ்டுகள் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக்கு வர முடிகிற பிசியோதெரபி, மைதானத்துக்கும் கட்டட வேலைத் தலத்துக்கும் வர முடியாதா?

காயம்பட்ட ஆட்டக்காரனின் விடுதி இடமும் உதவித் தொகையும், காயம்பட்ட தொழிலாளியின் வேலையும், குணமாகும் காலம் முழுவதும் பாதுகாக்கப்பட வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாமல் "மூன்று மாதம் பொறுத்திரு" என்று உபதேசம் செய்வது வெறும் வாய்ப்பந்தல்.

விளையாட்டுக் கழகங்களில், சங்கங்களில், வாலிபர் மன்றங்களில் உள்ளோர் இந்த விஷயத்தைப் பேச வேண்டும். அடுத்த முறை ஓர் இளைஞன் ஊசிக்காகக் கடன் கேட்டு வரும்போது, அவனை உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: 54.4-க்கு எதிராக 53.4, 42 நாளுக்கு எதிராக 42 நாள். பிறகு அவனை அரசு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஆள் இல்லை என்றால், ஆள் போடும்வரை விடாமல் கேளுங்கள்!